சனிக்கிழமை அறிக்கை

செஞ்சி
8-10-1967, ஞாயிறு

அன்புள்ள நீலா அக்காவுக்கு,

சந்திரநாதன் எழுதுவது. நலம் என்று தொடங்குவதுதான் முறை. நான் கோபமாக இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

நீ டைப் அடிக்கும் அந்தக் கடலூர் ஆபீசில் எங்கள் அறிக்கைகளை யாராவது படிக்கிறார்களா, இல்லை பொட்டலம் மடிக்கப் போடுகிறார்களா? மழைக்காலம் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் என் பொறுப்பில் உள்ள ஏரிகளின் நிலையை எழுதி அனுப்புகிறேன். இரண்டு வாரமாக ஈச்சந்தாங்கல் ஏரியைப் பற்றிக் கத்துகிறேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஈச்சந்தாங்கல் இங்கிருந்து சைக்கிளில் ஒரு மணி நேரம். மதகுக்கு இடப்பக்கம் கரையின் அடியில் ஊற்று எடுக்கிறது. தெளிந்த தண்ணீராக வந்தால் கவலை இல்லை. செம்மண் கலந்து வருகிறது. கரை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கரைக்குக் கீழே நாற்பது வீடு.

இது போதாதென்று ஊர்க்காரர்கள் ஒரு வேலை செய்திருக்கிறார்கள். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறக் கல்லால் கட்டிய கலங்கல் இருக்கிறதல்லவா, அதன்மேல் பனந்துண்டுகளைப் போட்டு மண்ணை அணைத்து ஓர் அடி உயர்த்திவிட்டார்கள். ஓர் அடி கூடுதல் தண்ணீர் நின்றால் அடுத்த போகம் நெல் தேறும். நல்ல கரையாக இருந்தால் நானே கண்டுகொள்ளமாட்டேன். இந்தக் கரை தாங்காது. அடைப்பை எடுக்க இஞ்சினீயரின் எழுத்து உத்தரவு வேண்டும். அது இல்லாமல் நான் கை வைத்தால் கையை ஒடித்துவிடுவார்கள்.

போன புதன்கிழமை ஊர்க்கூட்டத்துக்குப் போனேன். ஏரி நிரம்பிக் கோடி போகிற அன்று, அதாவது கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிகிற அன்று, அங்கே ஆடு வெட்டிப் பொங்கல் வைப்பது அவர்கள் வழக்கம். வெட்டும்போது ஏரி அதிகாரி பக்கத்தில் நிற்க வேண்டும். முதல் மாலை அவருக்கு. "நீங்க வந்து நிக்கணும் சார்" என்றார்கள். எறும்புக்கு வழி விட்டு நடக்கிற சமணக் குடும்பம் நம்முடையது, மன்னியுங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். "ஆட்டு ரத்தத்த ஊத்தினா மதகு ஒட்டிக்குமா?" என்று கேட்டுவிட்டேன்.

பச்சமுத்து என்று ஒருவர், என் வயதுதான் இருக்கும். ஊரில் அவர் சொல்தான் எடுபடும். கோபப்படாமல் சொன்னார். "சாமியாண்ட மழ கேட்டோம், குட்துச்சு. உங்களாண்ட சிமிட்டி கேட்டோம். அது இன்னா ஆச்சு சார்?" எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் கரையைப் பற்றிப் பேசியது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

நான் கேட்டதில் என்ன பொய் இருக்கிறது? உண்மையைச் சொன்னால் எல்லோருக்கும் உடம்பெரிச்சல். என் அறிக்கை எந்த மேஜையில் தூங்குகிறது என்று பார்த்து எழுது.

உன் தம்பி,
சந்திரநாதன்


மஞ்சக்குப்பம், கடலூர்
13-10-1967

அன்புள்ள தம்பி,

கடிதம் வந்தது. நீ கேள்வி கேட்டதைப் படித்து உன் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் வாயால் நான் பட்டது போதாதா?

உங்கள் அறிக்கைகளை யாரும் பொட்டலம் மடிக்கவில்லை. பதினோரு ஊர்களிலிருந்து பதினோரு கையெழுத்து வருகிறது. உன்னுடையது எல்லாவற்றிலும் மோசம். அத்தனையையும் படித்துச் சுருக்கி ஒரே தாளில் டைப் அடித்து, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இஞ்சினீயர் தனசேகரன் மேஜையில் வைப்பது என் வேலை. அவர் அந்த ஒரு தாளைத்தான் பார்ப்பார். எங்களுக்கும் இப்போது எல்லாம் தமிழில்தான். இங்கிலீஷில் மரியாதை தயாராக அச்சடித்த மாதிரி கிடைத்தது. தமிழில் உன்னைப் போன்றவர்கள் எழுதினால் சந்தையில் சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது.

திருக்கோவிலூர் மறந்துவிட்டதா? கான்ட்ராக்டர் முன்னால் அங்கிருந்த இஞ்சினீயரிடம், "உங்களுக்கு லெவல் பாக்கத் தெரியல, நகருங்க" என்றாய். நீ பார்த்த லெவல்தான் சரி. ஆனாலும் செஞ்சிக்கு பஸ் ஏறியவன் நீ, அவரல்ல. வருகிற ஜனவரியில் உன் வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்குச் சிபாரிசு எழுதும் பேனா தனசேகரன் சட்டைப்பையில் இருக்கிறது.

உண்மையைச் சொல்லாதே என்று நான் சொல்லவில்லை. மாத்திரையை வெல்லத்தில் வைத்துக் கொடுப்பதில்லையா, அப்படிச் சொல். முகத்தில் அடித்தாற்போல் சொன்னால் கேட்கிறவன் கன்னத்தைத் தடவுவானா, நீ சொன்னதை யோசிப்பானா?

அறிக்கையைப் பற்றிக் கவலைப்படாதே. நான் பார்த்துக்கொள்கிறேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடு. ஏரி ஏரியாகச் சுற்றிவிட்டு விளக்கு வைத்தபின் வந்து, இருட்டியபின் சாப்பிடக்கூடாது என்று பட்டினியாகப் படுக்காதே.

அன்புடன்,
அக்கா நீலாஞ்சனா


செஞ்சி
22-10-1967

அக்கா,

நேற்று இஞ்சினீயரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அப்படியே எழுதுகிறேன், படி.

‘தங்கள் அறிக்கைகள் கண்டேன். ஈச்சந்தாங்கல் ஏரி திருப்திகரமாக உள்ளது அறிந்து மகிழ்ச்சி. நவம்பர் 19 ஞாயிறு அன்று சட்டமன்ற உறுப்பினர் ஏரி நிரம்பி வழிவதைப் பார்வையிட வருகிறார். அன்று ஏரி முழுக் கொள்ளளவில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளவும்.’

திருப்திகரம். இந்த வார்த்தையை என் வாழ்நாளில் நான் ஓர் ஏரிக்கும் எழுதியதில்லை. கரை கல்லாக நிற்கும் பனமலை ஏரிக்கே எழுதமாட்டேன். நான் எழுதி அனுப்பியதன் நகல் என்னிடம் இருக்கிறது: ‘ஈச்சந்தாங்கல் கரை நிற்காது. இன்னும் ஓர் அடி தண்ணீர் ஏறினால் மதகின் இடப்பக்கம் உடையும். உடைந்தால் நாற்பது வீடு போகும். கலங்கல் அடைப்பை எடுக்க உடனே உத்தரவு வேண்டும். படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது அந்த ஆபீசில் இருந்தால் படிக்கவும்.’

இதில் எங்கே இருக்கிறது திருப்தி? யாரோ நடுவில் கை வைத்திருக்கிறார்கள். உன் பக்கத்து சீட்டில் இருக்கும் அந்த வெற்றிலை குமாஸ்தாவாகத்தான் இருக்கும். யார் என்று கண்டுபிடித்துச் சொல். நான் நேரில் வந்து அவன் சட்டையைப் பிடிக்கிறேன்.

நேற்று முழுக்க மழை. கோட்டை மலையே கண்ணுக்குத் தெரியவில்லை. ஊற்று போன வாரம் விரல் கனம். இப்போது மணிக்கட்டு கனம்.

சந்திரநாதன்


கடலூர்
26-10-1967

அன்புள்ள தம்பி,

வெற்றிலை குமாஸ்தா பாவம், அவர் சட்டையை விடு. நான்தான்.

இரண்டு நாளாக இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போகிறேன். உன் கடைசி வரியை மட்டும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ‘படிக்கத் தெரிந்தவர்கள்’ என்று எழுதினால் எந்த அதிகாரி சும்மா இருப்பான்? அதை எடுத்ததும் ‘உடனே உத்தரவு வேண்டும்’ என்பது அதட்டுவது போல் பட்டது. அதையும் எடுத்தேன். ‘நாற்பது வீடு போகும்’ என்றால் அவரைப் பயமுறுத்துகிறாய் என்பார். அதுவும் போயிற்று. கடைசியில் தாளில் நின்றது இது: ‘ஈச்சந்தாங்கல்: மதகருகே சிறு கசிவு. கண்காணிக்கப்படுகிறது. திருப்திகரம்.’

அந்தக் கடைசி வார்த்தையை நான் யோசித்து அடிக்கவில்லை. மற்ற எல்லா ஏரிகளுக்கும் அதைத்தான் அடித்துக்கொண்டு வந்தேன். விரல் பழக்கத்தில் இதற்கும் விழுந்துவிட்டது. அடித்தபின் பார்த்தேன். பார்த்தும் விட்டுவிட்டேன். இதைத்தான் என்னால் சொல்ல முடியாமல் இருந்தது.

உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். நைனா போன பிறகு நீ டிப்ளமா முடிக்கும்வரை கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவள் நான். உன் வேலையை என் வேலை என்று நினைத்துப் பழகிவிட்டேன். நீ ஊரெல்லாம் கல்லெறிந்துவிட்டுப் போவாய், நான் பின்னால் வந்து ஒவ்வொருவர் கையையும் பிடித்து ‘சின்னப் பிள்ளை, மனசுல வெச்சுக்காதீங்க’ என்பேன். எனக்கும் சலித்துவிட்டது சந்திரா. ஒரு முறை, ஒரே ஒரு முறை, திட்டாமல் நீ எழுதியிருந்தால் நான் அப்படியே அடித்திருப்பேன்.

இந்தத் திங்கட்கிழமைத் தாளில் சரியாக எழுதிவிடுகிறேன்.

அக்கா


செஞ்சி
29-10-1967

நீலாஞ்சனா அவர்களுக்கு,

இன்று காலை அளந்தேன். அடைப்பின் உச்சிக்குத் தண்ணீர் ஏற இன்னும் முக்கால் அடிதான் பாக்கி.

நீங்கள் மாத்திரையை வெல்லத்தில் வைத்துக் கொடுத்தீர்கள். அவர் வெல்லத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிட்டார். கரை போனால், என் அக்காவின் விரல் பழக்கம் என்று அந்த ஊரில் யாரிடம் போய்ச் சொல்வது? நான் திட்டினேன் என்பது உண்மை. நான் திட்டியதால் ஒரு வீட்டுச் சுவரும் விழாது. நீங்கள் மரியாதையாக எழுதியதால் நாற்பது வீடு விழும்.

தீபாவளிக்கு வரவில்லை. இனி எனக்கு எழுத வேண்டாம்.

சந்திரநாதன்


கடலூர்
8-11-1967

தம்பி,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

அக்டோபர் 30 தாளில் ‘கசிவு சற்று அதிகரித்துள்ளது, மேலிட ஆலோசனை வேண்டப்படுகிறது’ என்று அடித்தேன். ரொம்பத் துணிச்சலாக எழுதிவிட்டதாக நினைப்பு. இஞ்சினீயர் பச்சை மையில் ஒரு டிக் போட்டார், அவ்வளவுதான். நேற்று முன்தினம் அவர் அறைக்குள்ளேயே போனேன். "சார், செஞ்சி விஷயத்துல ஒரு சின்ன..." என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து, "பத்தொன்பதாம் தேதிக்கு மால சொல்லியாச்சாம்மா?" என்றார். "சொல்லிடறேன் சார்" என்று நோட்டில் மாலை என்று குறித்துக்கொண்டு வெளியே வந்தேன். என் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் எதற்காகப் போனேன் என்பதே நினைவுக்கு வந்தது. என்மேலேயே எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது.

நேற்று உன் கையெழுத்து அறிக்கைகள் அத்தனையையும் எடுத்துப் போய் அவர் மேஜையில் வைத்தேன். "சார், இத அப்படியே படிங்க. நான் மாத்தி அடிச்சுட்டேன்" என்றேன். படித்தார். எதை உரக்கப் படித்தார் தெரியுமா? ‘படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது அந்த ஆபீசில் இருந்தால்.’ "யாரும்மா இவன்? உன் தம்பிதானே?" என்றார். ஐந்து வரியில் நான்கு கரையைப் பற்றி, ஒன்று அவரைப் பற்றி. அவர் அந்த ஒன்றைத்தான் படித்தார். "சார், நாற்பது வீடு" என்றேன். "பத்தொன்பது முடியட்டும், பாக்கலாம்" என்றார்.

எனக்கு மெமோ வந்திருக்கிறது. அலுவலக அறிக்கையைத் திரித்தேன் என்று. அது உண்மைதானே, என்ன சொல்ல?

நான் எழுதும் காரணம் ஒன்றுதான். உத்தரவு வராது. அதை நம்பி உட்கார்ந்திருக்காதே. உனக்குத் தெரிந்ததைச் செய்.

நீலாஞ்சனா


செஞ்சி
20-11-1967

அக்கா,

உன் கடிதம் பத்தாம் தேதி காலை வந்தது. படித்ததும் சைக்கிளை எடுத்தேன். பதில் எழுத இப்போதுதான் நேரம்.

பச்சமுத்து கலங்கல் பக்கம்தான் இருந்தார். அடைப்பின் உச்சிக்கு நான்கு விரல் தண்ணீர்தான் பாக்கி. என்னைப் பார்த்ததும், "உத்தரவு எட்தாந்தீங்களா சார்?" என்றார். வழியெல்லாம் ஒரு பேச்சு தயார் செய்துகொண்டு போயிருந்தேன், சட்டம், பொறுப்பு, போலீஸ் என்று. அது வாயில் வரவில்லை.

"இல்ல. வராது. ஒன்றர மாசமா எழுதறேன், மேல போயி சேரல. எனக்கு இங்க அதிகாரம் ஒண்ணும் இல்ல. அன்னிக்கு உங்க சாமியப் பத்திப் பேசினது தப்பு. எனக்கு பயமா இருக்குது, அதான் வந்தேன்" என்றேன்.

அவர் பீடியைக் கீழே போட்டார். "இன்னா பயம்?" என்று கேட்டார். கரைக்குக் கீழே கூட்டிப்போய் ஊற்றில் கையை வைக்கச் சொன்னேன். எடுத்தபோது உள்ளங்கை நிறைய மண். கரையை ஒட்டிய முதல் வீட்டுப் பவுனம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பத்து நாளா எங்கூட்டு செவுத்துல ஓதம் ஏறிகினே இருக்குது. நெலம் வெச்சினு இருக்கிறவங்களுக்குத் தண்ணி வேணும். நான் யாராண்ட போய் சொல்றது?" என்றாள்.

பச்சமுத்து என்னிடம் கேட்டார். "அடப்ப எட்தா ஒரு அடி தண்ணி பூடும். அடுத்த போவம் நெல்லு?"

"போவும்" என்றேன். வேறென்ன சொல்ல? போகத்தான் போகும்.

"போவாதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா நம்பியிருக்கமாட்டேன்" என்றார். பிறகு ஊருக்குள் போனார். அவர் என்ன பேசினார், யார் யாரிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. மத்தியானத்துக்குள் இருபது பேரோடு வந்து பனந்துண்டுகளைப் பெயர்த்தார். தண்ணீர் கல்லின் மேல் வழிந்தது. கோடி போயிற்று. அப்படியானால் அன்றே ஆடு வெட்ட வேண்டும். ஆட்டையும் பிடித்து வந்துவிட்டார்கள். இவ்வளவு செய்தவர்களிடம் நிற்கமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பச்சமுத்து என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "சார், மதகாண்ட போயி ஊத்து கொறஞ்சிச்சான்னு பாத்துகினு வாங்க. பொறுமையா வாங்க." மதகு கரையின் அந்த முனையில் இருக்கிறது. நான் போய்த் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து, கழுவித் தள்ளி, மாலை மட்டும் இருந்தது. போட்டுக்கொண்டேன்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஊற்று குறைந்ததா என்று நிஜமாகவே பார்க்க வேண்டியிருந்தது, குறைந்துமிருந்தது. நீ இத்தனை வருஷமாக எனக்குச் சொல்லப் பார்த்தது இதுதானோ என்று திரும்பும் வழியில் தோன்றியது. நீ செய்தது இது இல்லை என்றும் தோன்றியது.

பன்னிரண்டும் பதின்மூன்றும் அடித்த மழை உனக்கே தெரியும். வந்த தண்ணீர் அத்தனையும் கலங்கல் வழியாகப் போயிற்று. கரை நின்றது. நாற்பது வீடும் நிற்கிறது.

இனி நேற்றைய கூத்து. மழை விட்டு ஐந்து நாள் ஆயிற்றா, தண்ணீர் கலங்கலுக்குக் கீழே இறங்கிவிட்டது. சட்டமன்ற உறுப்பினர் வந்தார், போட்டோக்காரர் வந்தார், நீ சொல்லி வைத்த மாலை வந்தது. கல் காய்ந்து கிடந்தது. "தண்ணி எங்கய்யா?" என்றார் அவர். தனசேகரன் முகம் கறுத்தது. என்னைத் தனியாக அழைத்து, "ஒடையும் ஒடையும்னு எழுதினியே, கர நல்லாத்தானே நிக்குது? எங்க ஒடஞ்சிது காட்டு" என்றார். அடைப்பை எடுத்ததால்தான் நிற்கிறது என்று சொன்னேன். "யாரைக் கேட்டு எடுத்த?" என்றார். இதற்கு மேல் ஒரு பதில் நாக்கு நுனியில் இருந்தது. நீயே பயந்திருப்பாய், அப்படிப்பட்ட பதில். விழுங்கிவிட்டேன். அது இன்னும் வயிற்றில் கிடந்து எரிகிறது.

கரை உடைந்திருந்தால் நான் சொன்னது உண்மை. உடையாததால் நான் பொய்யன். இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

உன்மேல் கோபம் போகவில்லை. பாதி போயிருக்கிறது.

சந்திரநாதன்


கடலூர்
25-11-1967

அன்புள்ள தம்பி,

இந்தக் கடிதத்துக்கு முன்பே உனக்கு ஒரு மெமோ வந்து சேர்ந்திருக்கும். ‘அனுமதியின்றி ஏரி நீரை வெளியேற்றியது, தேவையற்ற பீதி கிளப்பியது.’ அதை டைப் அடித்தவள் நான்தான். அதில் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. உனக்கென்று வந்த அத்தனை மெமோவிலும் இதுதான் பிழையில்லாமல் அடித்தது.

நேற்று இஞ்சினீயர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஏழு வருஷத்தில் முதல் தடவை உட்காரச் சொல்கிறார். அவர் கெட்டவர் இல்லை, சந்திரா. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள், காய்ந்த கல்லை ஏன் காட்டினாய் என்று கேட்டிருப்பார்கள். மெதுவாகத்தான் பேசினார். கரைக்கு எப்போதும் ஆபத்து இல்லை, அனுபவக் குறைவால் மிகைப்படுத்திவிட்டேன், வருந்துகிறேன் என்று நீ நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதுமாம். உன் மெமோவும் என் மெமோவும் கோப்பை விட்டுப் போய்விடும். ஜனவரி சிபாரிசும் போகும். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் என்றால் அந்த நாலு வரியை நானே எழுதி, கையெழுத்துக்கு மட்டும் உனக்கு அனுப்பியிருப்பேன். இன்று அவர் சொன்னதை அவர் சொன்னபடி எழுதியிருக்கிறேன். என் யோசனை என்று ஒன்றும் சேர்க்கவில்லை. என்னைப் பற்றி யோசிக்காதே என்று எழுதினால் அது பொய். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

அக்கா


செஞ்சி
3-12-1967

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கு நாள், ஐந்து தாள். முதல் தாளை எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே மெமோ கொடுக்கலாம் போலிருந்தது. கிழித்தேன். இரண்டாவதில் இஞ்சினீயர் கேட்ட நாலு வரியை எழுதிப் பார்த்தேன். நிஜமாகத்தான் சொல்கிறேன், கையெழுத்து வரை போனேன். ஜனவரியும் நினைவுக்கு வந்தது, நீயும் வந்தாய். ஆனால் அடுத்த ஐப்பசியில் இந்த மதகைப் பார்க்க வேறொருவன் வந்தால், கோப்பைப் புரட்டி ‘ஆபத்து இல்லை’ என்று என் கையெழுத்தில் படிப்பான். அடைப்பை எடுக்கமாட்டான். அதையும் கிழித்தேன்.

இத்துடன் வைத்திருப்பது ஐந்தாவது. படி:

‘ஐயா, முந்திய அறிக்கைகளில் அலுவலகத்தைக் குறித்து நான் எழுதிய கடுஞ்சொற்கள் தவறு. அதற்கு உளமார வருந்துகிறேன். அனுமதி வருமுன் அடைப்பை எடுக்கச் செய்ததும் நடைமுறைப்படி தவறு. அதற்கான பொறுப்பு என்னுடையது, ஊராருடையது அல்ல. ஆனால் கரைக்கு ஆபத்து இருந்தது. இப்போதும் இருக்கிறது. மதகின் இடப்பக்கம் அடுத்த மழைக்குள் பழுது பார்க்கப்படாவிட்டால் நாற்பது வீடுகள் போகும். தாங்கள் ஒரு நாள் நேரில் வந்து ஊற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

பணிவுடன் என்பது ஒப்புக்கு எழுதியதல்ல. அவர் வந்தால் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து நானே மிதிப்பேன்.

ஏதாவது வார்த்தை சுடுகிறது என்று பட்டால் எனக்குச் சொல், நான் மாற்றுகிறேன். நீ மாற்றாதே. உன் தலையும் இதில் உருளும் என்று தெரிந்தே அனுப்புகிறேன். அதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

சந்திரன்


கடலூர்
15-12-1967

அன்புள்ள சந்திராவுக்கு,

எதுவும் சுடவில்லை. வந்த அன்றே அடித்து வைத்தேன்.

இஞ்சினீயர் இரண்டு முறை படித்தார். இந்த முறை உரக்கப் படிக்க அவருக்கு ஒரு வரியும் கிடைக்கவில்லை. "நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றார். பிறகு, "‘ஆபத்து இருந்தது’ங்கறத மட்டும் ‘கவலைக்கு இடமிருந்தது’ன்னு மாத்தி அடிச்சுக் குடும்மா, முடிச்சுடலாம்" என்றார். எத்தனை சின்ன மாற்றம் பார். கெட்ட வார்த்தை இல்லை, முழுப் பொய்யும் இல்லை. ஏழு வருஷமாக நான் அடித்ததெல்லாம் அதுதான்.

"முடியாது சார்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி எழுதினது சார். ஆபத்துன்னா ஆபத்துதான்" என்றேன். இவ்வளவுதான் வந்தது, அதற்குள் புடவைத் தலைப்பை முறுக்கி முறுக்கிக் கசக்கிவிட்டேன்.

இனி நடந்தது. உன் சிபாரிசு ஜனவரியில் போகாது. ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று எழுதிவிட்டார். என்னைப் பழைய கோப்புகள் அறைக்கு மாற்றியாகிவிட்டது. ஜன்னல் இல்லை, தூசிக்குத் தும்மித் தும்மி மூக்கு சிவந்துபோகிறது. ஈச்சந்தாங்கல் மதகுக்கு சிமெண்டு அனுமதியாகியிருக்கிறது. ‘இஞ்சினீயர் முன்யோசனையுடன் கண்டறிந்தபடி’ என்று கோப்பில் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கோப்பை அலமாரியின் அடித்தட்டில் செருகினேன். பிறகு எடுத்து இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். சிமெண்டு வரட்டும். பச்சமுத்துவிடம் நீயே போய்ச் சொல். யார் பெயரில் வருகிறது என்பதைச் சொல்லாமல் விட்டாலும் பொய்யாகாது.

என் சீட்டுக்கு அமிர்தவல்லி என்று ஒருத்தி வந்திருக்கிறாள். மூன்று பிள்ளைகள், புருஷனுக்கு உடம்பு சரியில்லை. இந்த வேலையை விட்டால் வேறு வழி இல்லாதவள். போன திங்கட்கிழமை உன் அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். "அக்கா, இந்த செஞ்சிக்காரர் கர தாங்காதுன்னு எழுதியிருக்காரு. இத அப்படியே அடிச்சா இஞ்சினீயர் கோவப்படமாட்டாரா?" என்று கேட்டாள்.

"படுவார்" என்றேன்.

என்னையும் சுற்றியிருந்த தூசியையும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு போய் அடித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஓரிடத்தில் நின்றது. நான் தும்மலை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். மறுபடி ஆரம்பித்தது.

அக்கா நீலாஞ்சனா